வாசகர் கேள்வி – பதில்: கரியை விட்டுக் கழன்ற உலோகம் எங்கே போகும்?

தொழிற்சாலைக் கழிவுநீரிலுள்ள கன உலோகங்களைப் பிடித்துத் தீர்ந்துபோன கிளர்வூட்டிய கரியை மறுபடியும் பயன்படுத்த முடியுமா என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பட்டறைகளில் ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ என்று சொல்லப்படும் அதைப் பதில்களில் சுருக்கமாகக் கரி என்றே குறிப்பிடுகிறோம்.

கேள்வி: எங்களுடையது நிக்கலும் துத்தநாகமும் முலாம் பூசும் சிறிய பட்டறை. அலசு நீரில் சுண்ணாம்பு சேர்த்துக் கசடைப் பிரித்த பிறகு, மிச்சமிருக்கும் உலோகத்தைப் பிடிப்பதற்காகக் கரிக்கலன் வழியாக விடுகிறோம். இரண்டு மாதத்தில் கரி தீர்ந்துவிடுகிறது. கரி விற்பவர், உலையில் போட்டுச் சூடாக்கினால் புதிதாகிவிடும் என்கிறார். பக்கத்துப் பட்டறைக்காரர், அமிலத்தில் கழுவினால் போதும் என்கிறார். எதைக் கேட்பது?
— பட்டறை உரிமையாளர், கணபதி, கோவை

பதில்: உங்கள் கரிக்குப் பக்கத்துப் பட்டறைக்காரர் சொல்வதே பொருந்தும். கரி விற்பவர் சொன்னதும் பொய்யன்று. ஆனால் அது வேறு வகை அழுக்கைப் பிடித்த கரிக்கு உரிய வழி.

கரி ஒரு பொருளைப் பிடிப்பதில் இரண்டு விதம் உண்டு. சாயம், எண்ணெய், பீனால், கரைப்பான் போன்ற கரிமப் பொருள்கள் கரியின் நுண்துளைகளுக்குள் புகுந்து, அதன் சுவரில் மெல்லிய ஈர்ப்பால் ஒட்டிக்கொள்கின்றன. நல்ல கொட்டாங்கச்சிக் கரியின் ஒரு கிராமுக்குள் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் உட்பரப்பு இருப்பதால் அதற்கு இடம் ஏராளம். இப்படிப்பட்ட கரியை நீராவியோடு 800 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் கரிமப் பொருள் சிதைந்து வாயுவாக வெளியேறிவிடும், துளைகள் திறந்துகொள்ளும். குடிநீர் நிலையங்களிலும் இரசாயன ஆலைகளிலும் பயன்படும் கரி உலகெங்கும் இப்படித்தான் புதுப்பிக்கப்படுகிறது.

நிக்கலும் துத்தநாகமும் அப்படி ஒட்டுவதில்லை. அவை நீரில் நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகளாக இருக்கின்றன. கரியின் ஓரங்களில் ஆக்சிஜனைத் தாங்கி நிற்கும் கார்பாக்சில், பீனால் வகைத் தொகுதிகள் தம்மிடமுள்ள ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்டு, அந்த இடத்தில் உலோக அயனியை ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே உலோகத்தைப் பிடிக்கும் திறனைத் தீர்மானிப்பது உட்பரப்பைவிட இந்தத் தொகுதிகளின் எண்ணிக்கைதான். கரி வாங்கும்போது ‘அயோடின் எண் 1,000’ என்று பையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து நிக்கலை அதிகம் பிடிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கரி எவ்வளவு அயோடினை உறிஞ்சுகிறது என்று அளந்து பெறும் அந்த எண், நுண்துளைகளின் பரப்பு எவ்வளவு என்பதைச் சொல்கிறதே தவிர, உலோகத்தைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது இந்தக் கரியை உலையில் இட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். உலோகம் எரிந்து மறையாது. ஆக்சைடாகவோ உலோகத் துகளாகவோ மாறித் துளைக்குள்ளேயே தங்கிவிடும். அதைப் பிடித்திருந்த கார்பாக்சில் தொகுதிகளோ சில நூறு பாகையிலேயே கார்பன் டை ஆக்சைடாகப் பிரிந்து போய்விடும். அதாவது, போக வேண்டியது இருக்கும். இருக்க வேண்டியது போய்விடும். இது போதாதென்று, சில உலோகங்களும் கால்சியமும் கரிக்கும் நீராவிக்கும் இடையிலான வினையை முடுக்கிவிடுவதால் கரி தேவைக்கு மேல் கரைந்து, துளைகள் விரிந்து, மணிகள் நொறுங்கத் தொடங்கும். துத்தநாகம் 907 பாகையிலும் காட்மியம் 767 பாகையிலும் கொதிப்பவை. அந்த வெப்பத்தை நெருங்கும் உலையின் புகைபோக்கி வழியே அவை வெளியேறுவதைத் தடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும்.

அமிலமோ, நடந்ததைத் திருப்பி நடத்துகிறது. ஹைட்ரஜன் அயனிகள் மிகுதியாக வந்து மோதும்போது, கரியின் தொகுதிகள் உலோகத்தை விட்டுவிட்டு ஹைட்ரஜனை மறுபடியும் ஏற்றுக்கொள்கின்றன. அறை வெப்பநிலையிலேயே இது நடந்துவிடும், உலை வேண்டியதில்லை. ஆனால் கழன்ற உலோகம் அமிலத்தில்தான் இருக்கும். அந்த அமிலத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முடிவுசெய்யாமல் கழுவத் தொடங்காதீர்கள். பல பட்டறைகளில் இந்தக் கேள்வி எழுவதே அமிலம் டிரம்மில் வந்து நின்ற பிறகுதான்.

கேள்வி: அமிலக் கழுவலைப் படிப்படியாக, அளவுகளோடு விளக்க முடியுமா? எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் 500 கிலோ கரி கொண்ட எஃப்.ஆர்.பி. (கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக்) கலன் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் நிக்கல்தான் வரும்.
— சுத்திகரிப்பு நிலைய மேற்பார்வையாளர், அம்பத்தூர்

பதில்: முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிடுவோம். நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நீர் வருகிறது என்றும், அதில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் நிக்கல் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். உள்நாட்டு நீர்நிலையில் விடுவதற்கான பொது வரம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்பதால், இது வரம்பைச் சற்றே தாண்டிய நீர். நாளுக்கு 40 கிராம் நிக்கல் கரிக்கு வருகிறது. கரியின் ஒரு கிராம் 5 மில்லிகிராம் பிடிக்கும் என்று கொண்டால், 500 கிலோ கரி 2.5 கிலோ நிக்கலைப் பிடித்து, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் தீரும். அதற்குள் 6 இலட்சம் லிட்டருக்கு மேல் நீர் கடந்திருக்கும். உங்கள் உண்மையான எண்கள் வேறாக இருக்கும். கணக்கின் வழி இதுவே.

கழுவும் நாளில் முதல் வேலை, கலனின் அடியிலிருந்து மேல்நோக்கி வெறும் நீரைச் செலுத்தி, கரியின் மேல் படிந்திருக்கும் சுண்ணாம்புக் கசடையும் இரும்புத் துருவையும் வெளியேற்றுவது. இதைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால், பின்னால் ஊற்றும் அமிலத்தின் பெரும்பகுதி சுண்ணாம்பைக் கரைப்பதிலேயே செலவாகிவிடும். அடுத்து 0.1 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவை. கடையில் கிடைக்கும் 33 சதவீத அமிலத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிலிட்டரை நீரில் சேர்த்தால் இந்தச் செறிவு வரும். நீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், அமிலத்தில் நீரைச் சேர்க்கக் கூடாது என்பதை வேலையாட்களுக்கு ஒவ்வொரு முறையும் நினைவூட்டுங்கள். 500 கிலோ கரி ஏறக்குறைய 1,000 லிட்டர் இடத்தை அடைக்கும்; அதுபோல் மூன்று மடங்கு, அதாவது 3,000 லிட்டர் நீர்த்த அமிலத்தை, மணிக்கு ஒன்றிரண்டு ஆயிரம் லிட்டர் வேகத்தில் மேலிருந்து மெதுவாக இறக்குங்கள். இதற்குக் கடை அமிலம் 30 லிட்டர் போதும். உங்கள் கலன் எஃப்.ஆர்.பி. என்பது நல்லதாயிற்று, ரப்பர் உறையில்லாத இரும்புக் கலனாக இருந்தால் அமிலம் கலனையே அரித்து, அந்த இரும்பைக் கரியில் ஏற்றிவிடும்.

அடியில் வெளிவரும் திரவத்தைக் கண்ணாடிக் குவளையில் அவ்வப்போது பிடித்துப் பாருங்கள். தொடக்கத்தில் வருவது அநேகமாக நிறமின்றி இருக்கும், அதன் பிஹெச், அதாவது அமில-கார அளவு (7 என்றால் நடுநிலை, குறையக் குறைய அமிலம்), நடுநிலைக்குப் பக்கத்திலேயே நிற்கும். கரியிலுள்ள சாம்பல் சத்து அமிலத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். பிறகு பிஹெச் திடீரென 2க்கு அருகில் இறங்கும், அப்போது திரவத்தில் மெல்லிய பச்சை தட்டும். அதுதான் நிக்கல். மஞ்சள் பாய்ந்திருந்தால் இரும்பும் சேர்ந்து வருகிறது. பச்சை மங்கத் தொடங்கியதும் வரும் கடைசி ஆயிரம் லிட்டரில் உலோகம் குறைவு, அமிலம் மிச்சம். அதைத் தனித் தொட்டியில் வைத்திருந்து அடுத்த கழுவலில் முதல் ஆயிரமாகப் பயன்படுத்துங்கள். இந்த ஒரு பழக்கத்தினாலேயே அமிலச் செலவும் கழிவின் அளவும் கணிசமாகக் குறையும். சாம்பலைப் பொறுத்தவரை, ‘ஆசிட் வாஷ்டு’ என்று விற்கப்படும் கரியைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தேனும் வாங்குவது நல்லது.

பிறகு நீரில் அலச வேண்டும். பலரும் இத்தோடு நிறுத்திவிட்டு, மறுநாள் கலனைத் திறந்துவிட்டு, கரி நிக்கலைப் பிடிக்கவே இல்லை என்று குறைப்படுகிறார்கள். கரி முழுவதும் ஹைட்ரஜனால் நிறைந்திருப்பதால், முதலில் வரும் நீரை அது அமிலமாக்கிவிடும். பிஹெச் 3இல் நிக்கல் பிடிபடாது. ஆகவே அலசிய பின், மிக நீர்த்த காஸ்டிக் சோடாவையோ சோடியம் பைகார்பனேட் கரைசலையோ ஓட்டி, வெளிவரும் நீர் 6க்கு அருகில் வரும்வரை கரியைத் தயார்செய்ய வேண்டும்.

இனி அந்த அமிலக் கரைசல். 2.5 கிலோ நிக்கலும் கழன்றுவிட்டதாகக் கொண்டால், 3,000 லிட்டரில் லிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். 6 இலட்சம் லிட்டரில் பரவிக் கிடந்த உலோகம் அதன் இருநூறில் ஒரு பங்கு நீருக்குள் வந்திருக்கிறது. நாம் சாதித்தது இந்தச் சுருக்கம்தான். அதில் காஸ்டிக் சோடா சேர்த்து பிஹெச் 10க்குக் கொண்டுவந்தால் நிக்கல் ஹைட்ராக்சைடாகப் படியும். உலர்ந்த எடை ஏறக்குறைய 4 கிலோ, பிழிந்த ஈரக் கசடாக 20 கிலோ அளவில் இருக்கும். கழுவாமல் கரியையே அப்புறப்படுத்தியிருந்தால், ஈரத்தோடு ஏறக்குறைய ஒரு டன் அபாயக் கழிவை அனுப்ப வேண்டியிருந்திருக்கும். ஒரு டன்னுக்கும் 20 கிலோவுக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் மீளுருவாக்கத்தின் இலாபம். புதுக் கரியின் விலை மிச்சமாவது அடுத்தபடிதான்.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. நிக்கல் படிந்த பிறகு மேலே நிற்கும் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 6 கிராம் உப்பு இருக்கும்; கரைந்த திடப்பொருளுக்கான வரம்போ 2,100 மில்லிகிராம். அதை வடிகாலில் விட முடியாது. ஆவியாக்கி வசதி உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு நீங்கள் இணைந்திருந்தால் அங்கே அனுப்பலாம். இல்லையெனில் அதற்கு வழி செய்துகொண்ட பிறகே கழுவல் வேலையில் இறங்குங்கள்.

ஹைட்ரோகுளோரிக்குக்குப் பதில் கந்தக அமிலமும் நிக்கலுக்கும் துத்தநாகத்துக்கும் உதவும். காரீயம் உள்ள கரிக்கு மட்டும் அதைத் தொடாதீர்கள்; கரையாத காரீய சல்பேட் துளைகளுக்குள்ளேயே படிந்துவிடும். உலோக அயனிகளைக் கவ்விப் பிடிக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளின் கரைசல் எல்லா உலோகத்தையும் நன்றாகவே கழற்றும். ஆனால் கழற்றியதை இறுகப் பிடித்துக்கொண்டு, சுண்ணாம்புக்கோ காஸ்டிக்குக்கோ எளிதில் விட்டுக்கொடுக்காது. சிறிய நிலையங்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: குரோமியம் பிடித்த கரிக்கும் இதே அமிலமா? சிலர் காஸ்டிக் சோடாவில் கழுவ வேண்டும் என்கிறார்களே?
— கழிவுநீர்ப் பரிசோதகர், ராணிப்பேட்டை

பதில்: இரண்டும் உண்மை, இரண்டும் பாதி உண்மை. உங்கள் ஊரில் பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கியது ஆறு இணைதிறன் குரோமியம். அது நிக்கலைப் போல நேர்மின்னேற்றம் கொண்டதன்று. ஆக்சிஜனோடு சேர்ந்து எதிர்மின்னேற்றத்தோடு திரிகிறது. ஆகவே கரியின் மேற்பரப்பு நேர்மின்னேற்றம் பெறும் அமில நிலையில், பிஹெச் 2 அல்லது 3இல்தான் அது நன்றாகப் பிடிபடும். அதைக் கழற்ற வேண்டுமானால் எதிர்த்திசையில் காரத்தைச் செலுத்த வேண்டும் என்பது இயல்பான முடிவு. காஸ்டிக் சோடா என்று சொன்னவர்கள் அந்த வகையில் சரியாகவே சொன்னார்கள்.

ஆனால் கரி வெறுமனே பிடித்துவைத்திருப்பதில்லை. அமில நிலையில் ஆறு இணைதிறன் குரோமியம் வலுவான ஆக்சிஜனேற்றி. அது கரியிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டு தான் மூன்று இணைதிறனுக்கு இறங்கிவிடுகிறது. நச்சு குறைகிறது என்ற அளவில் இது நல்லதே. எனினும், மூன்று இணைதிறன் குரோமியம் நேர்மின்னேற்றம் கொண்டது. கார்பாக்சில் தொகுதிகளோடு உறுதியாகப் பிணைந்துகொள்ளும். காஸ்டிக்கில் கழுவினால் அசையாது. அதற்கு 1 நார்மல் அளவிலான வலுவான கந்தக அமிலம் தேவைப்படும், அதிலும் முழுவதும் வராது. காஸ்டிக்கில் கழுவிவிட்டு, ‘60 சதவீதம்தான் கழன்றது, மீதி எங்கே?’ என்று தேடுபவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. எலக்ட்ரானை இழந்த கரியின் பரப்பு ஒவ்வொரு சுற்றிலும் மேலும் ஆக்சிஜன் ஏறியதாகிறது. அதனால் குரோமேட்டைக் கையாளும் திறன் படிப்படியாகக் குறையும். அதே காரணத்தால் செம்பு, காரீயம் போன்ற நேர் அயனிகளைப் பிடிக்கும் திறன் கூடும். குரோமேட்டுக்கு ஓய்ந்த கரியை நன்றாகக் கழுவி, வேறு உலோகத்துக்கு மாற்றிப் பார்ப்பது வீண் வேலையன்று.

நடைமுறையில், ஆறு இணைதிறன் குரோமியத்தைச் சோடியம் மெட்டாபைசல்பைட்டால் பிஹெச் 2–3இல் ஒடுக்கி, பிறகு 8.5 அளவில் சுண்ணாம்பால் படியவைப்பதே மலிவு, வரம்பான 0.1 மில்லிகிராமை எட்டுவதற்கான கடைசித் துடைப்புக்கு மட்டும் கரியை வைத்துக்கொள்ளுங்கள். தோல் பதனிடும் குரோம் கரைசலைப் பற்றி யாரும் கேட்டால், அதற்குக் கரியே வேண்டாம். அதில் மூன்று இணைதிறன் குரோமியம் லிட்டருக்குக் கிராம் கணக்கில் இருக்கும். மக்னீசியம் ஆக்சைடால் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, மறுபடியும் பதனிடலுக்கே அனுப்பும் முறை ஆலைகளில் ஏற்கெனவே வழக்கத்தில் உள்ளது.

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. நான் படித்த ஆய்வுக் கட்டுரைகளில், ஐந்து சுற்றுக்குப் பிறகும் கரியின் திறன் 90 சதவீதம் நிலைப்பதாக எழுதியிருக்கிறார்கள். நான் ஆலைக் கழிவுநீரை எடுத்துச் செய்தால் மூன்றாம் சுற்றிலேயே பாதியாகிவிடுகிறது. என் செய்முறையில் பிழையா?
— ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: உங்கள் முடிவே உண்மைக்கு நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது. காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு உலோக உப்பைக் கரைத்து, குடுவையில் போட்டுக் குலுக்கிச் செய்யும் ஆய்வில் கரிக்குப் போட்டியே இல்லை. ஆலை நீரில் கால்சியமும் மக்னீசியமும் உலோகத்தைவிடப் பல மடங்கு அதிகம். முலாம் தொட்டியிலிருந்து வரும் சாக்கரின் முதலான பளபளப்பூட்டிகளும், எண்ணெய் நீக்கும் சோப்பும், இரும்பு ஹைட்ராக்சைடும் கூடவே வருகின்றன. அமிலம் உலோகத்தைக் கழற்றும். கரிமப் பொருளைக் கழற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் துளை வாயில்களை அடைத்துக்கொண்டே போகும்.

உங்கள் கணக்கையும் ஒரு முறை சரிபாருங்கள். நீரிலிருந்து நீங்கிய சதவீதத்தையே திறன் என்று எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. கரியை மிகுதியாகப் போட்டுவிட்டால், அதன் திறன் பாதியாகக் குறைந்த பிறகும் சதவீதம் 90க்கு மேலேயே நிற்கும். ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் பிடித்தது, அதில் எத்தனை மில்லிகிராம் கழன்றது என்று இரு பக்கமும் எழுதிப் பாருங்கள். இரண்டும் பொருந்தாத சுற்றில், மீதி உலோகம் கரிக்குள் இருக்கிறதா, அலசிய நீரில் போய்விட்டதா என்று தேட வேண்டும். கலன் வழி ஓட்டத்தில், வெளிவரும் நீர் வரம்பைத் தாண்டும்வரை எத்தனை லிட்டர் கடந்தது என்ற எண்ணை ஒவ்வொரு சுற்றுக்கும் கொடுத்தால், உங்கள் ஆய்வேடு ஆலைக்காரர்களுக்கும் பயன்படும்.

கேள்வி: நாங்கள் தேங்காய்த் தொட்டிக் கரி செய்கிறோம். ஆலைகளிலிருந்து தீர்ந்த கார்பனை வாங்கிவந்து, எங்கள் சூளையிலேயே புதுப்பித்து விற்கலாம் என்று ஓர் எண்ணம். உலோகம் பிடித்த கரியைப் பெரிய அளவில் யாராவது புதுப்பிக்கிறார்களா?
— கரி உற்பத்தியாளர், காங்கேயம்

பதில்: புதுப்பிக்கிறார்கள், நாள்தோறும் டன் கணக்கில், ஆனால் அந்த உலோகம் தங்கம். தங்கத் தாதுவைச் சயனைடில் கரைத்து, கரைந்த தங்கத்தைக் கரியால் பிடிக்கும் முறை 1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலுள்ள ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் பெரிய அளவில் தொடங்கி, பிறகு தென்னாப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பரவியது. உராய்வில் நொறுங்காத கடினம் வேண்டும் என்பதால் அங்கெல்லாம் தேங்காய் ஓட்டுக் கரியையே விரும்புகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஏற்றுமதியாகும் கரிக்கு அது முக்கியமான சந்தை.

அங்கே நடக்கும் வரிசை கவனிக்கத்தக்கது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கரியிலுள்ள சுண்ணாம்பை நீக்குவார்கள். சூடான காரச் சயனைடு கரைசலால் தங்கத்தைக் கழற்றுவார்கள். அதன் பிறகே, துளைகளில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் பிற கரிமப் பொருளையும் போக்குவதற்காக, காற்றுப் புகாத சுழல் சூளையில் நீராவியோடு 650 முதல் 750 பாகை வரை சூடாக்குவார்கள். நொறுங்கிய தூளைச் சலித்து நீக்கிவிட்டு, மணிகளை மறுபடியும் தொட்டிக்கு அனுப்புவார்கள். உலோகத்தைக் கழற்றுவது கரைசலின் வேலை, கரிமத்தை எரிப்பது சூளையின் வேலை என்ற பிரிவினை அங்கே தெளிவாக இருக்கிறது. உலோகமும் சாயமும் சேர்ந்து ஏறிய ஆலைக் கரிக்கும் இதே வரிசைதான் பொருந்தும்.

இந்தச் செலவையெல்லாம் தங்கத்தின் விலை தாங்குகிறது. நிக்கலும் துத்தநாகமும் தாங்காது. உங்கள் தொட்டிக் கரிச் சூளை இதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனியாக எரியறையும், வாயுவைக் கழுவும் கோபுரமும், புகையிலுள்ள உலோகத்தை அளக்கும் ஏற்பாடும் தேவை. ஒவ்வொரு சுற்றிலும் 5 முதல் 10 சதவீதம் வரை கரி இழப்பு உண்டு. பிறருடைய அபாயக் கழிவைப் பெற்றுக் கையாள்வதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரமும் வேண்டும். பாதரசம் ஏறிய கரி ஒரு மூட்டை தெரியாமல் கலந்து வந்தாலும், 357 பாகையிலேயே கொதிக்கும் அது உங்கள் ஊர்க் காற்றில் கலந்துவிடும். இந்தத் தொழிலில் இறங்குவதானால், உணவு, மருந்து ஆலைகளில் நிறம் நீக்கப் பயன்பட்ட, உலோகம் ஏறாத கரியிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: வீட்டுக் குடிநீர் வடிகட்டியிலுள்ள கரியை வெயிலில் காயவைத்தோ கொதிநீரில் போட்டோ மறுபடியும் பயன்படுத்தலாமா?
— இல்லத்தரசி, மதுரை

பதில்: வேண்டாம். வெயிலுக்கும் கொதிநீருக்கும் உலோகம் கழலாது. அமிலத்தில் கழுவிய கரியைக் குடிநீருக்கு வைப்பது அதைவிடத் தவறு. காலக்கெடு முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நான் வேலை செய்யும் இடத்தில் கரிக்கலனைச் சுத்தம்செய்ய உள்ளே இறங்கியவர் மயங்கி விழுந்தார், நல்லவேளையாக உடனே தூக்கிவிட்டோம். உள்ளே எந்த வாயுவும் இல்லை என்கிறார்கள். பிறகு ஏன் மயங்கினார்?
— தொழிலாளி, ஓசூர்

பதில்: இருக்க வேண்டிய வாயு இல்லாததே காரணமாக இருக்கக்கூடும். ஈரமான கரி தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சும். மூடிய கலனில் நீரை வடித்துவிட்டுச் சில மணி நேரம் வைத்திருந்தாலே உள்ளிருக்கும் காற்று உயிருக்கு ஆபத்தான நிலைக்கு வந்துவிடும். நாற்றமோ எரிச்சலோ தெரியாது. காற்றில் இயல்பாக 20.9 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 19.5க்குக் கீழே இருந்தால் உள்ளே இறங்கக் கூடாது. கருவியால் அளக்காமலும், வெளியிலிருந்து காற்றைச் செலுத்தாமலும், மேலே ஒருவர் கயிற்றோடு நிற்காமலும் யாரும் இறங்க வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். விழுந்தவரைத் தூக்கப்போகிறேன் என்று இன்னொருவர் குதிப்பதால்தான் இரண்டாவது உயிர் போகிறது.

அமிலக் கழுவல் பற்றி மேலே எழுதியதைப் படித்த முலாம் பட்டறையினர் அனைவருக்கும் இதோடு ஒரு எச்சரிக்கை. சயனைடு கலந்த துத்தநாகம், செம்பு, வெள்ளித் தொட்டிகளின் அலசு நீர் உங்கள் கரி வழியாகச் சென்றிருந்தால், அந்தக் கரியில் அமிலத்தை ஊற்றவே கூடாது. ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளிவரும். அதன் மணத்தைப் பலரால் உணரவே முடியாது என்பதால் மூக்கை நம்ப முடியாது. சயனைடை நீக்கச் சேர்த்த ஹைப்போகுளோரைட் மிச்சமிருந்தால் அமிலம் பட்டதும் குளோரின் வரும். சயனைடு வரிசையின் நீரை ஒருபோதும் உலோகக் கரிக்கலனுக்குத் திருப்பாதபடி குழாய்களையே பிரித்துவிடுவதுதான் பாதுகாப்பு.

கேள்வி: தீர்ந்த கரியை எரிபொருளாக எடுத்துக்கொள்வதாக ஒரு செங்கல் சூளைக்காரர் கேட்கிறார். கொடுக்கலாமா? எத்தனை முறை கழுவிய பிறகு கரியைக் கைவிட வேண்டும்?
— தொழிற்கூட நிர்வாகி, திருப்பெரும்புதூர்

பதில்: கொடுக்கக் கூடாது. கரி எரிந்த பிறகு உலோகம் சாம்பலிலும் புகையிலும் செங்கல்லிலும்தான் போய்ச் சேரும். உலோகம் ஏறிய கரியை 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படியே கையாள வேண்டும். பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் தேக்கிவைக்க முடியாது. அங்கீகாரம் பெற்றவருக்கு, உரிய சரக்குச் சீட்டோடுதான் அனுப்ப முடியும். கும்மிடிப்பூண்டியில் இத்தகைய கழிவைப் பாதுகாப்பாக நிலத்தில் சேர்க்கும் வளாகம் உள்ளது. வாரியத்தின் அனுமதியோடு சிமெண்ட் ஆலைச் சூளைகளிலும் சில வகைக் கரியை ஏற்றுக்கொள்கிறார்கள்; பாதரசமும் காட்மியமும் உள்ளதை அங்கே விரும்பமாட்டார்கள்.

எத்தனை முறை என்பதற்குப் பொதுவான எண் கிடையாது. ஒவ்வொரு கழுவலுக்கும் பிறகு கலன் எத்தனை லிட்டர் தாங்கியது என்று ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். புதுக் கரி தாங்கியதில் பாதிக்குக் கீழே அது இறங்கும்போது, கழுவும் அமிலமும், உப்பு நீரை ஆவியாக்கும் செலவும், வேலையாள் கூலியும் சேர்ந்து கரியின் மதிப்பைத் தாண்டிவிடுவது வழக்கம். கைவிடும் கரியையும் கடைசியாக ஒரு முறை அமிலத்தில் கழுவி அலசிவிட்டே அனுப்புங்கள். கழிவிலிருந்து எவ்வளவு உலோகம் நீரில் இறங்குகிறது என்று பார்க்கும் கசிவுச் சோதனையில் காரீயத்துக்கும் குரோமியத்துக்கும் லிட்டருக்கு 5 மில்லிகிராம், காட்மியத்துக்கு 1 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் அது நின்றால், நிலத்தில் சேர்ப்பதற்கு முன் சிமெண்டோடு கலந்து இறுகச்செய்யும் செலவு உங்களுக்கு மிச்சமாகக்கூடும். சோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வளாகத்தாரிடம் கட்டணம் பேசுங்கள்.